நம்ம வீட்டுக் குரூப்: திவ்யாவோட கேக் போட்டி

*திவ்யா:* [படம்]
நடுவுல குழி விழுந்துடுச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை போட்டி. பேர் குடுத்ததை வாபஸ் வாங்கிடலாமான்னு இருக்கு.

*கும்பகோணம் அத்தை:* வாபஸ் பேச்சு அப்புறம். முதல்ல நடுவுல வெட்டி, வெட்டின பக்கம் தெரியற மாதிரி ஒரு போட்டோ போடு. மேல இருந்து எடுத்தா குழிதான் தெரியும், காரணம் தெரியாது.

*திவ்யா:* [படம்]

*கும்பகோணம் அத்தை:* வெந்திருக்கு. அடியில ஈரக்கோடு இல்ல. ஆனா நடுவுல துளை பெருசு பெருசா இருக்கு, ஓரத்துல பொடிசா இருக்கு. பேக்கிங் பவுடர் எவ்வளவு போட்டே?

*திவ்யா:* 150 கிராம் மைதாவுக்கு ரெண்டு டீஸ்பூன் அத்தை. நல்லா எழும்பட்டும்னு.

*கும்பகோணம் அத்தை:* அதேதான். 150 கிராமுக்கு ஒண்ணே கால் டீஸ்பூன் தாராளம், அதுவும் தலை தட்டி. அதிகமாப் போட்டா மாவு வெந்து கெட்டிப்படறதுக்கு முன்னாடியே காத்து பொங்கிடும். குமிழி ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து உடைஞ்சு, தாங்க ஒண்ணும் இல்லாம நடுப்பக்கம் கீழ உக்காந்துடும். உன் கை மேல தப்பு இல்ல, ஸ்பூன் மேலதான்.

*தஞ்சாவூர் சித்தி:* திவ்யா, குழி எல்லாம் ஒரே குழி இல்லடா. இதைப் படிச்சு வெச்சுக்கோ, போட்டிக்கு முன்னாடி பாதி பயம் இதுலயே போயிடும்.
குழிக்குக் கீழ பளபளன்னு ஈரக்கோடு இருந்தா வேகல. இன்னும் 5, 8 நிமிஷம் வெச்சிருக்கணும்.
நல்லா எழும்பி நின்னது கதவைத் திறந்ததும் அமுங்கிச்சுன்னா அவசரப்பட்டுத் திறந்துட்டே. 7 இஞ்ச் டின்னுக்கு முதல் 25 நிமிஷம் கதவுல கை வைக்கவே கூடாது.
பக்கவாட்டுச் சுவரே உள்ள வளைஞ்சு இடுப்பு சிறுத்திருந்தா ஈரம் ஜாஸ்தி, இல்ல வேகாம எடுத்துட்டே.
குழியே இல்லாம நடுவுல கூம்பா எழும்பி வெடிச்சா ஓவன் சூடு அதிகம், இல்ல டின் சின்னது.
உள்ள மேல்நோக்கி நீள நீளமா ஓட்டை இருந்தா மைதா போட்டப்புறம் ரொம்ப நேரம் அடிச்சிருக்கே. மைதா போட்டப்புறம் பீட்டரைத் தொடாதே. ஸ்பாட்சுலாவால மடிச்சுக் கலந்து, வெள்ளை தெரியாம போனதும் நிறுத்திடு.

*தஞ்சாவூர் சித்தி:* இன்னொண்ணு. ஒரு ட்ரையலுக்கு ஒரு மாத்தம்தான். நாளைக்குச் சுடும்போது பேக்கிங் பவுடரை மட்டும் குறை. சூட்டையும் மாத்தி, டின்னையும் மாத்தி, முட்டையையும் கூட்டினா கேக் நல்லா வந்தாலும் எதனால வந்துச்சுன்னு தெரியாது. தெரியாம நல்லா வந்த கேக்கை நம்பி மண்டபத்துக்குப் போக முடியாது. காரணம் தெரிஞ்சு கெட்டுப்போனதை நம்பிப் போகலாம். ஒரு நோட்டுல தேதி, எடை, நேரம், என்ன ஆச்சுன்னு நாலு வரி எழுதிடு.

*மன்னார்குடி பெரியம்மா:* என்ன கேக்கு கண்ணு? தலைப்பு என்ன குடுத்திருக்காங்க?

*திவ்யா:* நம்ம ஊர்ப் பொருள் ஒண்ணாவது இருக்கணும் பெரியம்மா. ஃபில்டர் காபி டிகாஷனும் நாட்டுச்சர்க்கரையும் போட்டு பட்டர் கேக். கேக்கை வீட்டுல சுட்டு எடுத்துட்டுப் போகணும், மேல் அலங்காரம் மட்டும் அங்க 45 நிமிஷத்துல.
மைதா 150, உப்பில்லாத வெண்ணெய் 120, நாட்டுச்சர்க்கரை 130, முட்டை 3, டிகாஷன் 30 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. 170 டிகிரி, 35லேர்ந்து 40 நிமிஷம்.

*கும்பகோணம் அத்தை:* அளவு சரியா இருக்கு. நாட்டுச்சர்க்கரையைச் சலிச்சுட்டு எடை போடு. கட்டி அப்படியே போனா கேக்குல கருப்புப் புள்ளியா நிக்கும், சில சமயம் தூசு தும்பும் இருக்கும்.

*மன்னார்குடி பெரியம்மா:* டிகாஷன் நீர்த்து இருந்தா 30 மில்லியில காபி வாசனையே வராது. முதல் டிகாஷன் மட்டும் எடு. கும்முனு 3 டேபிள்ஸ்பூன் பொடிக்கு 100 மில்லி கொதிக்கிற தண்ணி, அழுத்தாம தானா இறங்கட்டும். சிக்கரி 20 சதவீதத்துக்கு மேல இருக்கற பொடி வேணாம், வெந்தப்புறம் கசப்பு மட்டும் நிக்கும். நல்லா ஆறவிட்டுச் சேரு. சூடா ஊத்தினா வெண்ணெய் உருகி, அடிச்ச காத்தெல்லாம் போயிடும்.

*கும்பகோணம் அத்தை:* வெண்ணெய்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. யூடியூப்ல "ரூம் டெம்பரேச்சர் பட்டர், ஒரு மணி நேரம் வெளில வைங்க"ன்னு சொல்றது குளிர் ஊர்க்காரங்களுக்கு. வெண்ணெய் காத்தைப் பிடிக்கறது 18லேர்ந்து 21 டிகிரியில. நம்ம பக்கம் சித்திரை வெயிலுக்கு அடுப்பங்கரையே 34 இருக்கும், அது வெண்ணெய் உருகற சூடு. சின்னத் துண்டா வெட்டி 10 நிமிஷம் வெளில வெச்சாப் போதும். விரலால அமுக்கினா பள்ளம் விழணும், விரல்ல எண்ணெய் மினுக்கக் கூடாது. மினுக்கினா கிண்ணத்தை ஐஸ் தண்ணி மேல 2 நிமிஷம் வெச்சுட்டு மறுபடி அடி. நாட்டுச்சர்க்கரை போட்டதால வெள்ளையா வராது, வெளிர் காபி நிறம் வரும். 5 நிமிஷம் போதும்.

*திவ்யா:* முட்டை போடும்போது திரிஞ்ச மாதிரி ஆகுது அத்தை. அதைப் பார்த்தாலே கை ஓய்ஞ்சு போயிடுது.

*கும்பகோணம் அத்தை:* முட்டை சில்லுனு இருந்தா அப்படித்தான். ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்து 20 நிமிஷம் வை. மூணையும் அடிச்சு, ஒவ்வொரு கரண்டியா ஊத்து. அப்பவும் திரிஞ்சா எடை போட்டு வெச்ச மைதாவுலேர்ந்து ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்துப் போட்டு ஒரு சுத்து. சேர்ந்துடும். திரிஞ்சதுனு கொட்டிடாதே.

*நாகை மாமா:* ஓவன் பத்தி நான் சொல்றேன். திவ்யா, உன் ஓடிஜி எத்தனை வாட்?

*திவ்யா:* 1500 மாமா.

*நாகை மாமா:* சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எல்லா வீட்டுலயும் ஏசி ஓட ஆரம்பிச்சா வோல்டேஜ் இறங்கும். 230 இருக்க வேண்டியது 190க்கு வந்தா கம்பி குடுக்கற சூடு ஏதோ கொஞ்சம் குறையறது இல்ல, மூணுல ஒரு பங்கு குறையும். டயல்ல 170னு இருக்கும், உள்ள அந்தச் சூடு ஏறவே ரொம்ப நேரம் ஆகும். அதனால காலையில சுட்ட நேரத்தை சாயங்காலத்துக்கு நம்பாதே. ஓவனுக்குள்ள வைக்கிற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிடு, விலை அதிகம் இல்ல. அது 170 காட்டி அஞ்சு நிமிஷம் அசையாம நின்னதுக்கு அப்புறம் டின்னை நடுத்தட்டுல வை. மேல் கம்பி, கீழ் கம்பி ரெண்டும் எரியணும். 15 ஆம்ப் ப்ளக்ல போடு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேணாம்.

*திவ்யா:* நடுவுல கரண்ட் போனா?

*நாகை மாமா:* கதவைத் திறக்காதே. அரை மணி ஆனதுக்கு அப்புறம் போச்சுன்னா உள்ள இருக்கற சூட்டுலயே ஓரளவு வேகும். கரண்ட் வந்ததும் மிச்ச நேரம் வெச்சு, குச்சி விட்டுப் பாரு. முதல் கால் மணிக்குள்ள போச்சுன்னா அந்தக் கேக்கைப் போட்டிக்கு நம்பாதே.

*தஞ்சாவூர் சித்தி:* அதுக்குத்தான் சனிக்கிழமை காலையிலயே சுடணும். பட்டர் கேக் மறுநாள்தான் இன்னும் நல்லா இருக்கும், துண்டு போட்டாலும் உதிராது. ரெண்டு கேக்குக்கான பொருளையும் வெள்ளிக்கிழமை ராத்திரியே எடை போட்டு டப்பாவுல வெச்சுடு. ஒண்ணு சொதப்பினாலும் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. கரண்டே வரலைன்னா பழைய குக்கர். கேஸ்கெட், வெயிட் ரெண்டையும் எடுத்துட்டு, அடியில ஒரு கப் கல்லுப்பு, மேல ஸ்டாண்டு. தண்ணி ஊத்தக்கூடாது. மூடி போட்டு 10 நிமிஷம் மிதமான தீயில காய வை, அப்புறம் டின்னை இறக்கிக் குறைஞ்ச தீயில 45, 50 நிமிஷம். மேல் பக்கம் சிவக்காது, அலங்காரம் மூடிடும். இதையும் இந்த வாரத்துல ஒரு தடவை சுட்டுப் பாரு. செஞ்சு பார்க்காத மாத்து வழி அன்னைக்கு ஞாபகத்துக்கே வராது.

*கார்த்தி அண்ணன்:* 45 நிமிஷத்தைப் பேப்பர்ல பிரிச்சியா?

*திவ்யா:* இல்லண்ணா. அதை நெனச்சாதான் கை நடுங்குது. மண்டபத்துல எல்லாரும் பார்த்துட்டு இருப்பாங்க.

*கார்த்தி அண்ணன்:* அப்ப பிரி. முதல் 5 சாமான் எடுத்து வைக்க. அடுத்த 10 கேக்கை ரெண்டா அறுத்து, டிகாஷன் சிரப் தடவி, நடுவுல கிரீம். அடுத்த 15 வெளிப்பூச்சு. அப்புறம் 8 அலங்காரம். கடைசி 7ல ஒண்ணும் வைக்காதே, தட்டு துடைக்கவும், ஏதாவது சரிஞ்சா நிமித்தவும். வியாழக்கிழமை ராத்திரி எல்லாரும் உங்க வீட்டுக்கு வரோம். ஃபேன் ஓடட்டும், டிவி ஓடட்டும், நாங்க பேசிட்டே இருப்போம், நீ கடிகாரம் வெச்சு செய். யாரும் பார்க்காத அடுப்பங்கரையில மட்டும் செஞ்சு பழகினா மண்டபம் புதுசாத்தான் இருக்கும்.

*கும்பகோணம் அத்தை:* கை நடுக்கத்துக்குச் சொல்றேன். கிரீம் பிழியற பைப்பிங் பையைப் பாதிக்கு மேல நிரப்பாதே, நிறைஞ்ச பை கனத்துலயே கையை ஆட்டும். முழங்கையை மேசையில ஊனிக்கோ. பை முனையில மாட்டற சின்ன நாசில்ல எழுத்து, கோடு எல்லாம் வேணாம், நடுக்கம் அப்படியே தெரியும். பெரிய நட்சத்திர நாசில்ல பூப்பூவா வை. இந்த வாரம் தெனம் வேகவெச்ச உருளைக்கிழங்கை நைசா மசிச்சு, பையில போட்டு தட்டுல பிழிஞ்சு பழகு. மறுபடி வழிச்சு மறுபடி பிழியலாம், செலவே இல்ல.

*கும்பகோணம் அத்தை:* மேலே விப்பிங் கிரீம் மட்டும் நம்பாதே. மண்டபத்து சூட்டுல அலங்காரம் முடியறதுக்குள்ள தளர்ந்துடும். வெளிப்பூச்சுக்கு டார்க் சாக்லேட் கனாஷ், அதான் சாக்லேட்டைக் கிரீமோட உருக்கிக் கலக்கறது. இந்த வெயிலுக்கு 200 கிராம் சாக்லேட்டுக்கு 100 கிராம் கிரீம், சரிசமம் போட்டா ஓடும். எண்ணெய் பிரிஞ்சா பதறாதே, வெதுவெதுன்னு ஒரு ஸ்பூன் பால் விட்டு நடுவுலேர்ந்து மெதுவா கிளறு, சேர்ந்துக்கும். நடுவுல வைக்கிற விப்பிங் கிரீமை அடிச்சு அடிச்சு மணல் மணலா ஆயிடுச்சுன்னா அடிக்காத கிரீம் ரெண்டு மூணு ஸ்பூன் ஊத்தி கையால மடிச்சுக் கலந்தா வழவழப்பு திரும்பிடும். அதனால ஒரு கால் டம்ளர் கிரீமை அடிக்காம தனியா எடுத்துட்டுப் போ.

*திவ்யா:* எல்லாம் செஞ்சும் அங்க போய் சரிஞ்சுட்டா?

*கார்த்தி அண்ணன்:* சரிஞ்சதை வை. 2014ல பிபிசி பேக்கிங் போட்டியில ஒருத்தர் செஞ்ச ஐஸ்கிரீம் கேக்குல ஐஸ்கிரீம் உருகிப் போச்சு. கோவத்துல செஞ்சதை மொத்தமா குப்பைத்தொட்டியில போட்டுட்டு, அந்தத் தொட்டியையே ஜட்ஜுங்க முன்னாடி கொண்டு போய் வெச்சார். ருசி பார்க்க ஒண்ணுமே இல்ல, அந்த வாரமே வெளியேத்திட்டாங்க. உருகினதைத் தட்டுல வெச்சிருந்தா உள்ள இருந்த கேக்குக்காவது மார்க் வந்திருக்கும்.

*தஞ்சாவூர் சித்தி:* அதே போட்டியில 2015ல ஜெயிச்ச நதியா உசேன், தனக்குப் பல வருஷமா பேனிக் பிரச்சினை இருக்குன்னு வெளிப்படையாவே சொன்னவங்க. பயம் முழுசாப் போகட்டும், அப்புறம் போறேன்னு உக்காந்திருக்க வேண்டியதில்லடா. நடுங்கற கையோடயும் செய்யற மாதிரி வேலையை அமைச்சுக்கோ, அத்தை சொன்ன பெரிய நாசில் அதுக்குத்தான்.

*மன்னார்குடி பெரியம்மா:* ஜட்ஜ் ஏதாவது கேட்டா என்ன சொல்லணும்?

*தஞ்சாவூர் சித்தி:* "சாரி, சரியா வரல"ன்னு அவளே ஆரம்பிக்கக் கூடாது. என்ன கேக், எந்தப் பொடி, ஏன் நாட்டுச்சர்க்கரை, அவ்வளவுதான். குறையைக் கேட்டா காரணத்தைச் சொல்லு: "அடிக்கும்போது வெண்ணெய் இளகிடுச்சு, அதான் துளை நெருக்கமா இருக்கு." காரணம் தெரிஞ்சவள்னு அவங்களுக்கும் புரியும். ரிசல்ட் எதுவா இருந்தாலும் கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி கேளு: பதத்துல என்ன குறை, ருசியில என்ன குறை. அங்கயே நோட்டுல எழுதிடு, வீட்டுக்கு வந்து யோசிச்சா பாதி மறந்துடும்.

*திவ்யா:* சரி சித்தி. நாளைக்குக் காலையில ஒண்ணே கால் டீஸ்பூன் போட்டு சுடறேன். வேற எதையும் மாத்தல.

*நாகை மாமா:* தெர்மாமீட்டர் நான் இன்னைக்கே வாங்கி பஸ்ல குடுத்து விடறேன். எண்ணெய்த் தாள் இருக்கா?

*திவ்யா:* இருக்கு மாமா. கேக்கை எப்படி எடுத்துட்டுப் போறது? கார் இல்ல, பஸ்தான்.

*கும்பகோணம் அத்தை:* பூச்சு இல்லாத கேக்தானே, பயமில்ல. முழுசா ஆறினதும் க்ளிங் ஃபிலிம், அதான் ஒட்டிக்கற மெல்லிசு பிளாஸ்டிக் தாள், ரெண்டு சுத்து. சூடா சுத்தினா வேர்த்து மேல்பக்கம் பிசுபிசுக்கும். தெர்மாகோல் பெட்டியில அடியில துணி, மேல கேக். கிரீமும் கனாஷும் வேற பெட்டியில ஐஸ் பேக்கோட, கேக் கூட வைக்காதே. கனாஷ் கெட்டியா இருக்கும், அங்க போனதும் முதல் வேலையா வெளில எடுத்து வெச்சுடு, பூசற நேரத்துக்கு இளகிடும். பெரிய பெட்டி என்கிட்ட இருக்கு, வியாழக்கிழமை கொண்டு வரேன்.