வெள்ளிக் கணக்கில் 559 கிராம் குறைகிறது

குழு: நம்ம குடும்பம், சேலம்

செவ்வாய்ப்பேட்டை சித்தப்பா, இரவு 7:12
கண்ணு, இருக்கிறாயா? பட்டறைக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கொலுசு செய்யக் கொண்டலாம்பட்டிக்காரரிடம் 1500 கிராம் வெள்ளி கொடுத்தோம். அவர் கொடுத்த கொலுசை எக்செல் கூட்டினால் 940.950தான் வருகிறது. 559.050 குறைகிறது. மதியம் அவரிடம் கேட்டே விட்டேன். பதில் சொல்லாமல் போய்விட்டார். கூலியையும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

சித்தி, 7:14
18 வருடமாக நம்மிடம் வேலை செய்கிறவர். எனக்கு மனசே சரியில்லை.

அக்கா, 7:15
சித்தப்பா, எடைப் பட்டியலை அப்படியே இங்கே போடுங்க.

செவ்வாய்ப்பேட்டை சித்தப்பா, 7:19
பி2 முதல் பி6 வரை:
312.450
287.300
264.850
341.200
286.400 கி

அக்கா, 7:21
கடைசியில் "கி" என்று இருக்கிறதே, அது அந்தக் கட்டத்துக்குள்ளேயே அடித்ததா?

தம்பி, 7:22
ஆமாம் அக்கா. அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே ஒட்டினேன்.

அக்கா, 7:23
சரி. எல்லாக் கட்டத்தையும் நடுவில் நிற்கிற மாதிரி வைத்திருக்கிறாயா? அதை எடுத்துவிட்டு எது எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லு.

தம்பி, 7:25
மூன்று வலது பக்கம் போய்விட்டது. 264.850ம் 286.400ம் மட்டும் இடது பக்கம் நிற்கிறது. 264.850 மூலையில் சின்னப் பச்சை முக்கோணமும் இருக்கிறது.

அக்கா, 7:28
அந்த இரண்டும்தான். நம் கண்ணுக்கு எண், எக்செலுக்கு வெறும் எழுத்து. சம் பார்முலா கட்டத்தில் எழுத்தைப் பார்த்தால் தவறு என்று சொல்லாது, பேசாமல் விட்டுவிட்டு மற்றதைக் கூட்டும். 264.850ம் 286.400ம் சேர்ந்தால் 551.250. நீங்கள் தேடுகிற வெள்ளி அங்கேதான் இருக்கிறது சித்தப்பா.

செவ்வாய்ப்பேட்டை சித்தப்பா, 7:30
அது எப்படி? பி2+பி3+பி4 என்று நானே பிளஸ் போட்டுக் கூட்டினேன், 864.6 சரியாக வந்ததே.

அக்கா, 7:33
பிளஸ் போட்டால், எண் மாதிரி இருக்கிற எழுத்தை எக்செல் தானே எண்ணாக மாற்றிக்கொள்ளும். சம் அப்படி மாற்றாது. பி6-ஐயும் பிளஸ் போட்டுப் பாருங்க, வேல்யூ எர்ரர் வரும். "கி"யை அதனால் எண்ணாக்க முடியாது.

தம்பி, 7:35
264.850 என் வேலை அக்கா. புதிதாகச் சேர்த்த வரியில் 264.85 என்றே காட்டியது. கடைசி சைபர் நிற்கட்டும் என்று கட்டத்தை டெக்ஸ்ட் ஆக்கி அடித்தேன். இப்போது நம்பர் என்று மாற்றிவிட்டேன், ஆனாலும் கூட்டல் மாறவில்லை.

அக்கா, 7:39
பார்மட்டை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. அந்தக் கட்டத்தில் நின்று கீபோர்டில் எஃப்2 பட்டனைத் தட்டி என்டர் கொடு, அப்போதுதான் எண்ணாகும். சைபர் நிற்க மூன்று தசம இடம் வைத்தால் போதும். மொத்தமாகச் சரிசெய்ய சி2-வில் இதைப் போட்டுக் கீழே இழு ("கி" தவிர மற்றதை ஆங்கில எழுத்தில் அடி):
=வேல்யூ(சப்ஸ்டிட்யூட்(பி2,"கி",""))
"கி"யை எடுத்துவிட்டு மிச்சத்தை எண்ணாக்கும். "கி" இல்லாத வரிக்கும் இதுவே போதும். அப்புறம் சி வரிசையைக் கூட்டு. இனிமேல் "கிராம்" என்பதைத் தலைப்பில் மட்டும் எழுது.

தம்பி, 7:43
1492.200

செவ்வாய்ப்பேட்டை சித்தப்பா, 7:44
அப்படியென்றால் குறைவது 7.800 மட்டும்தான். அது சேதாரம். எப்போதும் போகிறதுதான்.

ஏற்காடு மாமா, 7:46
பாப்பா, எனக்கும் ஒன்று. காபி பறிப்புக் கூலிச் சீட்டில் "தேதி: " என்று எழுதிப் பக்கத்துக் கட்டத்தை & போட்டுச் சேர்த்தேன். 45292 என்று வருகிறது. நான் அடித்தது 2024 ஜனவரி 1.

அக்கா, 7:48
தேதி கெட்டுப்போகவில்லை மாமா. 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எக்செல் நாளை எண்ணுகிறது, அந்த எண்தான் 45292. டெக்ஸ்ட் பார்முலாவில் போடுங்க ("தேதி" தவிர மற்றதை ஆங்கில எழுத்தில்):
="தேதி: "&டெக்ஸ்ட்(ஏ2,"டிடி-எம்எம்-ஒய்ஒய்ஒய்ஒய்")

ஏற்காடு மாமா, 7:51
வந்துவிட்டது. ஆட்களின் பேங்க் கணக்கு எண்ணையும் எண்ணாக மாற்றிவிடலாமா?

அக்கா, 7:52
வேண்டவே வேண்டாம் மாமா. அதைக் கூட்டப் போவதில்லை, எழுத்தாகவே இருக்கட்டும். எண்ணாக்கினால் முன்னால் இருக்கிற சைபர் போய்விடும். 15 இலக்கத்துக்கு மேல் இருந்தால் மிச்சத்தையும் சைபராக்கிவிடும், கூலி வேறு யார் கணக்குக்கோ போகும்.

அம்மா, 7:55
சித்தப்பா எங்கே? கொண்டலாம்பட்டிக்காரருக்கு யார் சொல்வது?

சித்தி, 7:56
இவர் சட்டைகூட மாற்றவில்லை. கூலிப் பணத்தை எடுத்துக்கொண்டு வண்டியில் கொண்டலாம்பட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

செவ்வாய்ப்பேட்டை சித்தப்பா, 8:31
அவர் வீட்டில்தான் இருக்கிறேன். மன்னிப்புக் கேட்டுக் கூலியையும் கையில் கொடுத்துவிட்டேன். உள்ளே போய் அவருடைய நோட்டை எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். பென்சிலில் எழுதிக் கூட்டி வைத்திருக்கிறார், 1492.200. ஒரு மில்லிகூட மாறவில்லை.