மணலுக்கடியிலேர்ந்து மேல வர்ற ஆமைக்குஞ்சு பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

நிலாமகள்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்கா பொண்ணு ரெண்டாவது தடவையும் நுழைவுத் தேர்வுல பாஸாகல, ரொம்ப ஒடைஞ்சு போயிருக்கா. சிலந்தி விழுந்து விழுந்து ஏறின கதைய ஆரம்பிச்சா "போ சித்தி, அதெல்லாம் நாலாங்கிளாஸ்லயே கேட்டாச்சு"ன்னு திரும்பிப் படுத்துக்கறா. கதையா இல்லாம நெஜமாவே ஒரு சின்ன உயிர் எப்படிப் போராடிப் பொழைக்குதுன்னு அவளுக்கு சொல்லணும். கடல் ஆமைக்குஞ்சு மணல விட்டு மேல வரவே நாள்கணக்கா ஆகுமாமே, உண்மையா?

அலைக்கரை:
உண்மைதாங்க. தாய் ஆமை முட்டை போடற குழி ஒண்ணரை அடி ஆழம் இருக்கும், சில இனத்துக்கு இன்னும் ஆழம். கிட்டத்தட்ட நூறு முட்டை. மூக்கு நுனியில இருக்கற முள்ளு மாதிரி ஒண்ணால முட்டை ஓட்ட கிழிச்சுக்கிட்டு குஞ்சு வெளிய வரும், வந்தா சுத்தியும் மணல்தான். மேல இருக்கற குஞ்சுங்க கூரைய சொறண்டும், ஓரத்துல இருக்கறதுங்க சுவத்த சொறண்டும், உதிர்ற மணல அடியில இருக்கறதுங்க மிதிச்சு மிதிச்சு கெட்டியாக்கும், அப்படியே தரை உசந்துக்கிட்டே வரும், லிஃப்ட் மாதிரி. இதுக்கே சில நாள் ஆயிடும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா, மேல மணல் சூடா இருந்தா அப்படியே நின்னுடும். சூடு தணிஞ்சதும், பெரும்பாலும் ராத்திரியில, மறுபடி ஆரம்பிக்கும். அந்த நிக்கறதையும் அவகிட்ட கண்டிப்பா சொல்லுங்க, இப்ப அவ படுத்திருக்கறதும் அப்படித்தான்னு நெனைக்கறேன்.

உயிரியல் வாத்தியார்:
இன்னொண்ணும் சேத்துக்கோங்கம்மா. 1961ல வெளியான ஒரு ஆய்வுல ஆர்ச்சி கார், ஹரால்ட் ஹிர்த்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பச்சை ஆமை முட்டைகள தனித்தனியாவும் கூட்டமாவும் புதைச்சுப் பாத்தாங்க. தனியா புதைச்சதுல நிறைய குஞ்சு மேல வரவே இல்ல, சேந்து இருந்ததுங்கதான் நல்லா வந்துச்சு. ஒண்ணு அசைஞ்சா மத்ததும் அசையும். இது குஞ்சு யோசிச்சு பண்றது இல்ல, இயல்பூக்கம்தான், அதனால மன உறுதி அது இதுன்னு அதுமேல ஏத்த வேண்டாம். வளந்து பெரிய ஆமையாகறது ஆயிரத்துல ஒண்ணுன்னு பொதுவா சொல்லுவாங்க, மத்ததெல்லாம் முயற்சி பண்ணாம சாகல. "முயற்சி பண்ணா ஜெயிச்சிடலாம்"னு மட்டும் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க, ரெண்டு தடவ முயற்சி பண்ணவளுக்கு அது வலிக்கும்.

தன்னார்வலன்:
வாத்தியார் சொல்றது ரொம்ப சரி. ஆமை முட்டைகள பாதுகாத்து குஞ்சு பொரிக்க வெக்கற பொரிப்பகத்துல வேல பாத்திருக்கேன். குஞ்சுங்க வெளிச்சமா தெரியற பக்கம்தான் போகும், இயற்கையா இருந்தா அது கடல் பக்கம். கரையோரம் லைட் எரிஞ்சா ரோட்டப் பாத்து நடக்கும், அதே வேகம் அதே உழைப்பு, ஆனா திசை தப்பு, விடிஞ்சா வெயில்ல காஞ்சு போயிடும். அதுக்கு குஞ்ச கொற சொல்ல முடியாது, லைட்டத்தான் அணைக்கணும். உங்க பொண்ணு எப்படிப் படிச்சா, யார் வழிகாட்டினாங்கன்னு ஒரு தடவ உக்காந்து பாருங்களேன்.

நிலாமகள்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரூம பூட்டிக்கிட்டு தனியாத்தான் படிச்சா, நாங்களும் தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டோம். அவ ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர் அதே பரீட்சைக்குத்தான் படிக்கறாங்க, வீட்டுக்கு வரச் சொல்லவான்னு அவகிட்டயே கேக்கறேன். ஒரு சந்தேகம், மேல வந்ததும் குஞ்சுக்கு சாப்பாடு?

அலைக்கரை:
வயித்துல மிச்ச மஞ்சக்கரு இருக்கும், சில நாளைக்கு அதுவே போதும். கடல்ல எறங்கினதும் சுமார் ஒரு நாள் பூரா நிக்காம நீந்திக் கரைய விட்டுத் தள்ளிப் போயிடும், ஏன்னா கரையோரம்தான் மீனும் பறவையும் அதிகம்.