புதுப்பிப்பு: கானாடுகாத்தான் வீட்டுக்கு வாங்கிய புல்வெட்டும் இயந்திரம்

ஐப்பசி மழைக்குப் பின் எங்கள் பழைய வீட்டின் பின்கட்டுத் தோட்டம் இடுப்பளவு வளர்ந்துவிட்டது, அதை வெட்டப் பேட்டரி இயந்திரமா பெட்ரோல் இயந்திரமா வாங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. 35 சிசி நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் இயந்திரத்தை வாங்கிவிட்டேன். அரை ஏக்கருக்குப் பேட்டரி தாங்காது என்று தோன்றியது. இரண்டு ஸ்ட்ரோக் எடை குறைவுதான். ஆனால் பெட்ரோலில் ஆயிலை அளந்து கலக்க வேண்டும். ஊரில் இல்லாத நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அதில் தவறினால் எஞ்சின் போய்விடும். நான்கு ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியே இருக்கிறது, அளவைப் பார்த்தால் போதும்.

அருகம்புல்லுக்கும் கோரைக்கும் இயந்திரத்தின் முனையில் சுழன்று வெட்டும் 2.4 மி.மீ. நைலான் கயிறு அருமை. சீமைக்கருவேலங்கன்றில் அது அறுந்துகொண்டே இருந்தது. அங்கே கயிற்றுக்குப் பதில் இரும்பு வெட்டுத் தகடு மாட்டினேன். காய்ந்து நொறுங்கிய கயிற்றை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போடச் சொன்னவருக்குத் தனி நன்றி, உண்மையிலேயே வளைகிறது.

ஒரு வருத்தம். எங்கள் மண் முழுக்கச் சரளை. முதல் நாளே ஒரு கல் தெறித்து, அப்பத்தா காலத்து வண்ணக் கண்ணாடி ஜன்னல் விரிசல் விட்டது. மனம் ஆறவில்லை. இப்போது சுவரிலிருந்து மூன்று முழத் தூரம்வரை கைஅரிவாள்தான். மாமரத் தூரையும் கயிறு தொடவிடுவதில்லை, பட்டை உரிந்தால் மரம் பட்டுவிடும்.

இனி அடுத்த மழைவரை வேலையில்லை. டேங்கைக் காலி செய்து, உள்ளே மிச்சமிருப்பது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, வீட்டின் பட்டாசாலையில் (கூடத்தில்) வைத்துவிட்டேன்.