ஃபேர் வினையின் அம்பார்ஃபே வடிவம்: அடிச்சொல் எங்கிருந்து வருகிறது?

கேள்வி:
வணக்கம். பிரெஞ்சில் 'செய்' என்று பொருள்படும் 'ஃபேர்' வினை, முன்பு வழக்கமாக நடந்ததையும் நடந்துகொண்டிருந்ததையும் சொல்லும் அம்பார்ஃபே காலத்தில் 'ஃபெஸே' என்று மாறுவது ஏன் என்பதை யாரேனும் விளக்க இயலுமா?

மறுமொழி 1:
அம்பார்ஃபேயின் அடிச்சொல்லை அகராதி வடிவத்திலிருந்து எடுப்பதில்லை. நிகழ்காலத்தில் 'நாங்கள்' என்னும் எழுவாயோடு வரும் 'நூ ஃபெஸோன்' என்பதன் விகுதியாகிய 'ஓன்' என்பதை நீக்கினால் எஞ்சுவதே அடி. அதனோடு விகுதிகளைச் சேர்த்தால் ழ ஃபெஸே, து ஃபெஸே, இல் ஃபெஸே, நூ ஃபெஸியோன், வூ ஃபெஸியே, பன்மையில் மீண்டும் இல் ஃபெஸே என வரும். நான்கு வடிவங்கள் ஒலியில் ஒன்றே. ஆனால் எழுத்தில் முதல் இரண்டும் எஸ் என்றும், மூன்றாவது டி என்றும், கடைசிப் பன்மை ஈ-என்-டி என்றும் முடியும். ஆகவே எழுதிப் பழகுவதே மிக முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 2:
மேலே நண்பர் சொன்ன விதிக்கு 'இரு' என்று பொருள்படும் 'எத்ர்' மட்டுமே விலக்கு. அதன் அடி 'எத்', ஆகவே 'ழெத்தே'. 'குளிராக இருந்தது' என்பதற்கோ 'இல் ஃபெஸே ஃப்ருவா' என்று ஃபேர் வினையையே ஆள வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் 'ஃபெஸோன்', 'ஃபெஸியோன்' இரண்டையும் பிரித்துக் காட்டுவது நடுவில் வரும் ஐ எழுத்து மட்டும்தானா?

மறுமொழி 1:
ஆம், அது விடுபட்டால் வாக்கியம் நிகழ்காலமாகிவிடும்.