மிக் மெஷினும் பெரிய சிலிண்டரும் ஒரே தள்ளுவண்டியில்: இந்த அளவு தாங்குமா?

கேள்வி

வீட்டுப் பட்டறைக்கு வெல்டிங் தள்ளுவண்டி செய்யப் போகிறேன். இரும்பு வெட்டும் முன் அளவுகளை இங்கே வைக்கிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மெஷின் 200 ஆம்பியர் மிக் (கேஸ் பாதுகாப்பில், தானாக வரும் வயரால் ஒட்டும் வெல்டிங்) இன்வெர்ட்டர், 28 கிலோ. நீளம் 600, அகலம் 260, உயரம் 420 மி.மீ. கேஸ் 47 லிட்டர் சிலிண்டரில், ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்தது. சிலிண்டரின் விட்டம் 230 மி.மீ., உயரம் ஒன்றரை மீட்டர்.

அடிச்சட்டம் 800 × 340. எல்லாமே 25 × 25 × 1.6 ஸ்கொயர் டியூப். நான்கு மூலையிலும் 75 மி.மீ. சுழலும் காஸ்டர் (எந்தப் பக்கமும் திரும்பும் சிறு சக்கரம்). மெஷினை ஒட்டிப் பின்னால் சிலிண்டர், நடுவில் ஒரு நைலான் பெல்ட். மெஷின் தட்டைப் பின்பக்கம் 15 டிகிரி சாய்க்க நினைக்கிறேன். டியூப் போதுமா? காஸ்டர் சரியா? சாய்வு தேவையா?

பதில் 1

டியூபைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த 340 அகலத்தை மாற்றுங்கள். இந்த வண்டி உடைந்து போகாது, கவிழ்ந்துதான் போகும்.

நிறைந்த 47 லிட்டர் சிலிண்டர் சுமார் 70 கிலோ. அதன் எடைமையம் தரையிலிருந்து 700 மி.மீ.க்கு மேல். மெஷினையும் சேர்த்தால் மொத்த எடைமையம் ஏறக்குறைய 720 மி.மீ. உயரத்தில் நிற்கும். சக்கரங்களுக்கு நடுவே 340 என்றால் பாதி 170. பக்கவாட்டில் 13 டிகிரி சாய்ந்தாலே விழுந்துவிடும். அதுவும் கணக்கில்தான் 13. சுழலும் காஸ்டர் உள்பக்கம் திரும்பி நிற்கும்போது தரையைத் தொடும் புள்ளி மூலையிலிருந்து 25, 30 மி.மீ. உள்ளே போய்விடும், அப்போது அதுகூட இருக்காது. பின்சக்கர இடைவெளியை 535க்குக் கொண்டுவந்தால் 20 டிகிரி கிடைக்கும்.

சக்கர அளவையும் யோசியுங்கள். தரையில் 10 மி.மீ. தடித்த கேபிள் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 75 மி.மீ. சக்கரம் அதில் ஏற, அந்தச் சக்கரம் சுமக்கும் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் கிடைவிசை வேண்டும். 200 மி.மீ. சக்கரத்துக்கு அதில் பாதி போதும். சின்னச் சக்கரம் டக்கென்று நிற்கும், நீங்கள் தள்ளிக்கொண்டே இருப்பீர்கள், உயரத்தில் இருக்கும் எடை முன்னால் போகும். இந்த மாதிரி வண்டிகள் விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

பின்னால் 200 மி.மீ. நிலையான சக்கரம் இரண்டு, முன்னால் 100 மி.மீ. பிரேக் உள்ள காஸ்டர் இரண்டு. வேறு எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் வேண்டாம்.

பதில் 2

மேலே சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். ஆனால் 200 மி.மீ. சக்கரம் போடும்போது எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது: ஆக்ஸில், அதாவது சக்கர அச்சு. அதன் நடு தரையிலிருந்து 100 மி.மீ. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரே கம்பியாகப் போட்டால் சிலிண்டர் தட்டை அதன் மேல்தான் வைக்க முடியும். அதாவது 70 கிலோவை ஒவ்வொரு முறையும் 115 மி.மீ. தூக்கி வைக்க வேண்டும். சிலிண்டரை விளிம்பில் சாய்த்து உருட்டி ஏற்ற வேண்டுமே தவிர, தூக்கவே கூடாது.

அதனால் பக்கத்துக்கு ஒரு குட்டை ஆக்ஸில். 10 மி.மீ. தகட்டில் காது (ஆக்ஸிலைத் தாங்கும் துண்டு) வெட்டி, நீளச்சட்டத்தின் வெளிமுகத்தில் கீழ்நோக்கித் தொங்கும்படி வெல்டு செய்யுங்கள். காதில் 20 மி.மீ. துளை, அதில் 20 மி.மீ. உருளைக் கம்பி, இரண்டு முகத்திலும் சுற்றி வெல்டு. சக்கரத்துக்கு இருபுறமும் வாஷர், வெளியே, சக்கரம் கழலாமல் தடுக்க ஸ்பிளிட் பின். இரண்டு காதுகளையும் தனித்தனியாக ஒட்டினால் சக்கரங்கள் ஒரே கோட்டில் வராது. ஒரு நீளக் கம்பியை இரண்டு துளையிலும் கோத்து வைத்தே டாக் (தற்காலிகமாகப் பிடிக்கும் சிறு வெல்டு) போடுங்கள், பிறகு நடுத் துண்டை வெட்டி எடுத்துவிடலாம்.

சிலிண்டர் தட்டு 400 × 280, 6 மி.மீ. தகடு. நீளச்சட்டங்களிலிருந்து 50 × 6 பட்டையால் கீழே தொங்கவிட்டு, தட்டின் அடி தரையிலிருந்து 40 மி.மீ.யில் நிற்கட்டும். பின்பக்கம் குறுக்குச்சட்டம் வேண்டாம், சிலிண்டர் உள்ளே வர அதுதான் வழி. சட்டம் அங்கே விரியாமல் இந்தத் தட்டே பிடித்துக்கொள்ளும்.

அடிச்சட்டத்துக்கு 40 × 40 × 3 எடுங்கள், நீளம் 980, வெளி அகலம் 480. மேல்தூண்களுக்கு 25 × 25 × 2 தாராளம். 1.6 மி.மீ. தடிமன் தாங்காது என்றில்லை, ஆனால் ஒட்டும்போது ஓட்டை விழும், அதை அடைக்கப் போய் இன்னும் பெரிதாகும்.

காஸ்டரை வாங்கிய பிறகு சட்டத்தின் உயரத்தை முடிவு செய்யுங்கள். 100 மி.மீ. காஸ்டர் என்றால் மொத்த உயரம் 125 முதல் 130 வரை வரும், தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அதை அளந்து, காதுத் துளை எவ்வளவு கீழே என்று கணக்கிடுங்கள். முதலில் வெட்டிவிட்டுப் பிறகு காஸ்டர் வாங்கினால் வண்டி மூக்கைத் தூக்கி நிற்கும்.

கேட்டவர்

அகலத்தையும் சக்கரத்தையும் மாற்றிவிட்டேன். ஆக்ஸில் முன்பின்னாக எங்கே வர வேண்டும்? பெல்ட், சாய்வு பற்றியும் சொல்லுங்கள்.

பதில் 2

சிலிண்டரின் நடுக்கோட்டிலிருந்து 30, 40 மி.மீ. பின்னால். முன்முனையிலிருந்து அளந்தால்: மெஷின் 600 வரை, காற்றுக்கு 120 இடைவெளி, சிலிண்டர் 720 முதல் 950 வரை, அதன் நடு 835, ஆக்ஸில் 870. ஆக்ஸில் நடுவுக்கு முன்னால் போய்விட்டால் மெஷின் ஏறியிருக்கும் வரை ஒன்றும் தெரியாது. பழுது பார்க்க மெஷினை இறக்கும் அன்று வண்டி சிலிண்டரோடு பின்னால் சாயும்.

பெல்ட் வேண்டாம். நைலானில் ஒரு பொறி விழுந்தால் போதும், உருகிவிடும். சங்கிலி இரண்டு: தட்டிலிருந்து 500 மி.மீ.யில் ஒன்று, 1000 மி.மீ.யில் ஒன்று. பின்தூண்கள் அந்த உயரம் வரை போக வேண்டும். இரண்டு இடத்திலும் 40 மி.மீ. ஆங்கிளை ‘வி’ வடிவில் வைத்தால் சிலிண்டர் உருளாது. இழுத்துக் கட்ட டர்ன்பக்கிள் (திருகினால் இறுகும் இணைப்பு) போடுங்கள், கொக்கியில் மாட்டிய சங்கிலி எப்போதும் தளர்வாகவே இருக்கும்.

பதில் 3

சாய்வில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. 600 நீளத்துக்கு 15 டிகிரி என்றால் முன்பக்கம் 160 மி.மீ. உயரும். உயரமான சிலிண்டர் உள்ள வண்டியில் எடையை இன்னும் மேலே ஏற்றுவானேன்? 10 டிகிரி போதும், 105 மி.மீ.தான் உயரும், டயலும் நின்றபடியே தெரியும். பின்முனையில் தடுப்பு விளிம்பு 20 மி.மீ.க்கு மேல் வேண்டாம், பின்னால் இருக்கும் ஃபேனை மறைத்துவிடும். தட்டைத் திறந்த சட்டமாகவே விடுங்கள், கிரைண்டர் தூசி தங்காது.

இனி ஒட்டும் வேலை. எல்லா மூட்டிலும் டாக் போட்டு, மூலைவிட்டம் இரண்டையும் அளந்து, வித்தியாசம் 2 மி.மீ.க்குள் வந்த பிறகே முழு வெல்டு. ஒரு மூலையை முடித்ததும் எதிர் மூலைக்குப் போங்கள். பக்கத்து மூலையையே தொடர்ந்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், நான்கு சக்கரத்தில் ஒன்று தரையைத் தொடாது. 2 மி.மீ. டியூபுக்கு 0.8 வயர் சரி. வயருக்குப் பதில் ராடு (வெல்டிங் குச்சி) என்றால் 2.5 மி.மீ.யில் 60 முதல் 70 ஆம்பியர்.

டியூப் வாயை மூடி ஒட்டும்போது கடைசி அரை அங்குலம் படுத்தும். உள்ளே சூடான காற்று வெளியேற வழியில்லாமல் உருகிய இரும்பை ஊதித் தள்ளும், ஊசித்துளை விழும். எவ்வளவு பூசினாலும் அடையாது. கண்ணுக்குப் படாத பக்கத்தில் 3 மி.மீ. துளை ஒன்று முன்பே போட்டுவிடுங்கள்.

துத்தநாகம் பூசிய கால்வனைஸ் டியூப் கையில் கிடைத்தால் ஆசைப்படாதீர்கள். துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். வேறு வழியில்லை என்றால் ஒட்டும் இடத்தைச் சுற்றி உள்ளும் வெளியும் பூச்சை நீக்கி, திறந்த வெளியில் ஒட்டுங்கள். காஸ்டரை வெல்டு செய்ய வேண்டாம், எம்8 போல்ட். சூடு கிரீஸை எரித்துவிடும், சக்கரம் தேய்ந்தால் மாற்றவும் முடியாது.

பதில் 4

ஒருவரும் மின்சாரத்தைத் தொடவில்லை, இது முக்கியம். சிலிண்டர் ஒருபோதும் வெல்டிங் மின்னோட்டத்தின் பாதையில் வரக்கூடாது. எர்த் கிளாம்பை (மின்னோட்டம் மெஷினுக்குத் திரும்பும் கவ்வி) வண்டிச் சட்டத்தில் கடிக்கவிட்டு, ராடு பிடிக்கும் ஹோல்டரையும் பக்கத்தில் தொங்கவிட்டால், ராடு சிலிண்டரைத் தொட்ட இடத்தில் ஆர்க் அடித்துவிடும். அந்தச் சின்னத் தழும்பு 150 பார் அழுத்தம் தாங்கும் சுவரைக் கெடுக்கும், அப்படிப்பட்ட சிலிண்டரைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. தட்டிலும் ‘வி’ ஆங்கிளிலும் 5 மி.மீ. ரப்பர் ஷீட் ஒட்டுங்கள், சங்கிலியை ரப்பர் ஹோஸுக்குள் நுழையுங்கள். கிளாம்புக்கும் ஹோல்டருக்கும் கொக்கிகள் மெஷினின் முன்பக்கம், மரக்கட்டை மேல். வண்டி மேல் வைத்து எதையும் ஒட்டாதீர்கள்.

கேபிள் கொக்கி எந்தப் பக்கம் என்று முடிவு செய்யும் முன் வயர் ரோல் கதவைத் திறந்து பாருங்கள். கதவு திறக்கும் பக்கம் காலியாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ரோல் மாற்றும் ஒவ்வொரு முறையும் கேபிள் முழுவதையும் இறக்க வேண்டும். மிக் டார்ச்சுக்கு 150 மி.மீ. குழாயைப் பாதியாகப் பிளந்து ஒட்டினால் நல்ல வளைவு கிடைக்கும். மெல்லிய கம்பிக் கொக்கியில் தொங்கினால் லைனர் (டார்ச் கேபிளுக்குள் வயர் வரும் குழாய்) மடங்கி, வயர் விட்டு விட்டு வரும். பலரும் அதற்கு வயரைத் தள்ளும் ஃபீட் ரோலரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

வண்டியைப் பட்டறைக்கு வெளியே எடுத்துப் போனால் ரெகுலேட்டரைக் கழற்றி வால்வு மூடியைத் திருகிவிடுங்கள். அந்த மூடி நிற்க பின்தூணில் ஒரு முளை ஒட்டிக்கொள்ளுங்கள், தேடும்போது கிடைக்காத பொருள் அது.