கொமிஷனிங்: புதிய காஸ் உலைக்கு ஒரு தமிழ்ச் சொல்

> வீட்டைச் சூடாக்கப் புதிதாகப் பூட்டிய காஸ் உலையை முதன்முதல் எரியவிட்டு, அளவுகளைச் சரிபார்த்து, வீட்டுக்காரரிடம் கொடுக்கிற வேலையை இங்கே 'கொமிஷனிங்' என்கிறோம். தமிழ் வீடுகளுக்குக் கொடுக்கும் சீட்டில் போட ஒரு சொல் வேண்டும். 'ஆணையேற்றல்' சரிவருமா? (ரொறன்ரோத் தம்பி)

> 'இயக்கத் தொடக்கம்' போதும் என்று நினைக்கிறேன். (கல்முனை சேர்)

அன்பின் குழுவினருக்கு வணக்கம். மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன்.

தம்பி, 'ஆணையேற்றல்' வேண்டாம். படை அதிகாரிக்கும் போர்க்கப்பலுக்கும் ஆணை கொடுத்த வழக்கத்தில் முளைத்த ஆங்கிலச் சொல் அது. அந்தப் பாதையில் நாமும் ஏன் நடக்க வேண்டும்? எங்கள் பக்கம் கொமிஷன் என்றால் காணித் தரகர் வாங்குவது. ஆணை என்றால் ஒன்றில் ஆணைக்குழு, இல்லாவிட்டால் தலையில் அடித்துச் செய்யும் சத்தியம். இதில் எதுவும் உலைக்கு ஒட்டாது.

சேர் சொன்ன 'இயக்கத் தொடக்கம்' நல்ல தமிழ்தான். ஆனால் வேலையின் பாதியைத்தான் சொல்கிறது. நான் பார்ப்பது பேக்கரிப் போறணை வேலை, விறகை விட்டுக் காஸுக்கு மாறுகிற இடங்களில் பேர்னர் பூட்டிக் கொடுப்பது. சுவாலை தெரிந்த கையோடு, "பத்திற்றுத்தானே, மறுகா என்ன?" என்று முதலாளி பாண் தட்டைத் தூக்கிவிடுவார். எனக்கு வேலை தொடங்குவதே அப்போதுதான்.

பற்றவைப்பதற்கு முன்னால் இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும், குழாயில் அடைபட்ட வளியை வெளியேற்றுவதும் எல்லோருக்கும் தெரிந்தவை. எல்பி காஸ், அதாவது சிலிண்டரில் வரும் புரொப்பேன், பியூற்றேன் கலவை, வளியை விடப் பாரம். புரொப்பேன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, பியூற்றேன் இரண்டு மடங்கு. கசிந்தால் நிலத்தோடு கிடக்கும், மேல் ஜன்னலைத் திறந்து வைத்துப் பயனில்லை. தரை மட்டத்தில் துவாரம் வேண்டும் என்று சொன்னால், "எலி வருமே" என்கிறார்கள். கம்பிவலை அடியுங்கள் என்பேன்.

பற்றவைத்த பிறகுதான் அமுக்கம். காஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேர்னருக்குப் போகும் அமுக்கத்தை அளந்து, பேர்னரின் விபரத் தகட்டில் போட்டிருக்கும் எண்ணுக்கு ரெகுலேட்டரைச் சரிசெய்ய வேண்டும். மூடி வைத்து அளந்தால் வேறு எண் காட்டும். 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் அடுப்புகள் வெடித்த செய்தி வந்தபோது, புரொப்பேன், பியூற்றேன் கலப்பு விகிதம் மாறியதுதான் பெரிய பேச்சாக இருந்தது. 30 பாகைச் செல்சியசில் புரொப்பேனின் ஆவியமுக்கம் பியூற்றேனினதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அப்படியென்றால் விகிதம் மாறும்போது ரெகுலேட்டருக்கு முன்னால் இருக்கும் நிலைமையே மாறுகிறது. பின்னால் என்ன வருகிறது என்பதைக் கண்ணால் மதிப்பிட முடியாது, அளக்கத்தான் வேண்டும்.

அப்புறம் வளி. சுவாலை மஞ்சளாக ஆடினால் வளி போதாது. போறணைக் கூரையில் கரி பிடிக்கும், காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு கூடும். வளி நுழையும் வாயை மூடித் திறக்கும் வளித் தகட்டை அளவுக்கு மேல் திறந்தால் சுவாலை பேர்னர் வாயை விட்டு எழும்பி இரைச்சல் போடும். இந்த இரண்டுக்கும் நடுவில், வாயோடு ஒட்டி நீலமாக நிற்கும் இடத்தில் திருகாணியை இறுக்குகிறோம். ஒருமுறை தட்டிவிட்டுப் போகிற வேலையல்ல இது. போறணை நன்றாகச் சூடேறிய பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும்.

தம்பியின் ஊரில் வீட்டு உலைக்கு வருவது பெரும்பாலும் இயற்கை வாயு. அதற்குப் பேர்னர் அமுக்கம் வழக்கமாக 3.5 அங்குல நீர் உயரம், அதாவது 0.87 கிலோபஸ்கால். எல்பி காஸ் என்றால் 10 அங்குலம், 2.5 கிலோபஸ்கால். ஒன்றுக்கென வந்த உலையில் மற்றதை எரிக்க வேண்டுமானால் காஸ் பாயும் சிறு துளையுள்ள ஜெட்டையும் வால்வின் சுருள்வில்லையும் மாற்றாமல் முடியாது. எரிபொருளும் ஊரும் வேறானாலும், எரியவைத்து, அளந்து, திருத்துவது என்ற ஒழுங்கு ஒன்றுதான். நான் கேட்பது அந்த ஒழுங்குக்கு ஒரு பெயர்.

என் முன்மொழிவு தொடக்கச் சீராக்கம். முதலில் 'மூட்டுச் சீராக்கம்' என்று யோசித்தேன். அடுப்பு மூட்டுவது எங்கள் வாயில் இருக்கிற சொல்தானே. ஆனால் சீட்டை வாசிக்கும் வயதானவர்கள் முழங்கால் வைத்தியம் என்று நினைத்துவிடுவார்கள். 'சீராக்கம்' உயர்தரக் கணக்கீட்டுப் பாடத்தில் ஏற்கெனவே இருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். இருக்கட்டும். அங்கேயும் ஆண்டு முடிவில் ஏட்டிலுள்ள எண்ணை உண்மை நிலைக்குக் கொண்டுவருவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

*

ரொறன்ரோத் தம்பி எழுதியது:

அண்ணை, சொல் பிடித்திருக்கிறது. ஒரு விஷயம் சேர்க்கிறேன். இங்கே வீட்டு உலை காற்றைச் சூடாக்கி அறைகளுக்கு அனுப்புவது. அதனால் உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை உயர்வை அளக்க வேண்டும். அது தகட்டிலுள்ள எல்லைக்குள் நிற்க வேண்டும். கூடிப்போனால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம், சுவாலையின் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் வெப்பமாற்றி வெடிப்பு விடும். குறைந்துபோனால் சாதாரண உலையில் புகையிலுள்ள நீராவி ஒடுங்கி உள்ளே துரு ஏறும். விசிறி வேகத்தை மாற்றித்தான் சரிசெய்வோம். காற்று வரும் வழியை வேண்டுமென்றே மறைத்து, சூடு மிஞ்சும்போது பாதுகாப்பு சுவிட்ச் காஸை நிறுத்துகிறதா என்றும் பார்ப்போம். அது சீராக்கம் இல்லையே, சோதனை அல்லவா? அதுவும் இந்தச் சொல்லுக்குள் அடங்குமா?

முதல் எரிப்பில் உள்ளே பூசிய எண்ணெய் கருகி மணக்கும். வீட்டு அம்மாக்கள் பயந்து தொலைபேசி எடுப்பார்கள். சீட்டில் அதற்கும் ஒரு வரி போடப் போகிறேன்.

*

கல்முனை சேர் எழுதியது:

அடங்காது என்பதே என் கருத்து. ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு மின்பிறப்பாக்கி பூட்டினாலும், நெல் ஆலையில் உலர்த்தி பூட்டினாலும் இதே ஆங்கிலச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். அங்கே சோதனையும் பத்திரங்களும் கையளிப்பும் சேர்ந்தே வரும். பொதுச் சொல்லாக 'இயக்கிவைப்பு' இருக்கட்டும், என் 'இயக்கத் தொடக்க'த்தை விட அது திருத்தமாக இருக்கிறது. அதற்குள் உலைக்கான பகுதி 'தொடக்கச் சீராக்கம்'. ஒரு சொல்லில் எல்லாச் சுமையையும் ஏற்ற வேண்டாம்.

*

சேர், அந்தப் பிரிப்பு எனக்குச் சம்மதம். தம்பி, சுவிட்ச் பார்ப்பதைப் 'பாதுகாப்புச் சோதனை' என்று தனி வரியாகப் போடுங்கள். தலைப்பு 'உலை இயக்கிவைப்புச் சீட்டு'. கீழே: தொடக்கச் சீராக்கம் செய்த திகதி, காஸ் வகை, பேர்னர் அமுக்கம், வெப்பநிலை உயர்வு, புகைபோக்கியில் காபனோரொட்சைட்டு, பாதுகாப்புச் சோதனை, செய்தவர் கையொப்பம்.

'பேர்னர்' என்றே விட்டிருக்கிறேன். 'எரிகலன்', 'சுடரடுப்பு' இரண்டையும் பேக்கரியில் சொல்லிப் பார்த்தால், முதலாவதைக் கேட்டுப் பாத்திரத்தைக் காட்டுகிறார்கள், இரண்டாவதைக் கேட்டுப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்துப் பன்சன் சுடரடுப்பைச் சொல்கிறார்கள். வேறு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள்.