மீன் சினையைத் துணியில் முடிந்து தூண்டில் இரை கட்டுவது எப்படிங்க?

அண்ணனுங்களே, கோபி பக்கம் பவானி ஆற்றில் கெளுத்திக்குத் தூண்டில் போடுகிறேனுங்க. மண்புழுவை ஜிலேபி மீன் குஞ்சுகளே கொத்தித் தீர்த்துவிடுவதால், அமெரிக்கா, கனடாவில் சால்மன் பிடிக்கச் செய்வதுபோல மீன் சினையை வலைத்துணியில் சின்ன மூட்டையாக முடிந்து முள்ளில் கோக்கப் பார்த்தேன். அங்கே உப்போ வெண்காரமோ (போராக்ஸ்) போட்டுச் சினையை இறுக்குகிறார்கள். நான் கட்லா சினையில் கல்லுப்பு தூவி ஒரு ராத்திரி வைத்தேன், கூழாகிவிட்டது, கொசுவலைத் துணியில் வைத்து நூலை இழுத்ததும் பாதி பிதுங்கிப் போனது. சால்மன் முட்டை பட்டாணி அளவு, கட்லா முட்டை ரவை மாதிரி, சிக்கல் அதில்தான் என்று நினைக்கிறேன். சரி, சினைப்பைத் தோலோடு நறுக்கி முடியலாமா? உப்பில் எவ்வளவு நேரம்? அப்புறம் ஆற்று இழுப்புக்கு அவிழாத முடிச்சு எது? கட்டிப் பழகியவர்கள் கட்டும்போது ஒரு படம் எடுத்துப் போட்டால் பெரிய உதவிங்க.